ஊரை விட்டுப் போகாத கேமரா

இப்ப திரையில தெரியுற படத்த கொஞ்ச நேரம் அமைதியா பாருங்க. கடற்கரை மணல். நாலு சிறுமிகள் நிக்கிறாங்க, ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி. ஒருத்தருக்கும் அடுத்தவருக்கும் நடுவுல தாராளமா இடம் இருக்கு. பின்னாடி கண்ண இழுக்கிற மாதிரி எதுவும் கிடையாது. 1939-ல ஜப்பான்ல எடுத்த படம் இது. எடுத்தவர் ஷோஜி உவேடா.

"எனக்குன்னு ஒரு ஸ்டைல் எப்படி வரும்?" இதுதான் போட்டோ எடுக்க ஆரம்பிச்ச பலரும் கேக்கிற கேள்வி. புது லென்ஸ் வாங்கினா வரும், காசி போனா வரும், நல்ல பிரீசெட் கிடைச்சா வரும்னு நினைக்கிறோம். உவேடாவோட வாழ்க்கை இதுக்கு நேர் எதிரான பதில் சொல்லுது. அதனாலதான் இன்னைக்கு அவரப் பத்திப் பேசுறேன்.

1913-ல பிறந்தவர். ஊர் சகாய்மினாத்தோ. ஜப்பானோட மேற்குப் பக்கம், தொத்தோரி மாநிலத்துல இருக்கிற மீன்பிடித் துறைமுகம். அப்பாவுக்குச் செருப்பு வியாபாரம். பையனுக்கு ஓவியம் படிக்க ஆசை, அப்பாவுக்கு அதுல இஷ்டமில்ல. கை கடைசியில கேமராவுக்குப் போச்சு. 1932-ல டோக்கியோ போய் சில மாசம் போட்டோகிராஃபி படிச்சார். திரும்பி வந்து சொந்த வீட்டுலயே ஸ்டூடியோ திறந்தார். 2000-ல சாகுற வரைக்கும் அந்த ஊர்தான். ஸ்டூடியோ சோறு போட்டுச்சு. ஆனா தனக்காக எடுத்த படங்கள் விஷயத்துல, "நான் அமெச்சூர்"னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டார். உலகமே அவர மாஸ்டர்னு கொண்டாடின காலத்துலயும் அந்தச் சொல்ல அவர் விடல. யாருக்கும் கணக்கு காட்டத் தேவையில்லாம எடுக்கிற சுதந்திரம் அதுல இருக்கு. அமெச்சூரா இருக்கிறதக் குறைன்னு நினைக்கிறவங்க இத யோசிச்சுப் பாக்கணும்.

அவர் கையில என்ன இருந்தது? வீட்டுக்குப் பக்கத்துல யுமிகஹாமா கடற்கரை. அதே மாநிலத்துலயே தொத்தோரி மணல்மேடுகள். மனைவி, மூணு பையன், ஒரு பொண்ணு, அக்கம்பக்கத்துக் குழந்தைங்க. அவ்வளவுதான்.

அடுத்த படம் 1949. தலைப்பே 'அப்பா, அம்மா, குழந்தைகள்'தான். குடும்பம் மொத்தமும் மணல்ல வரிசையா நிக்குது. அம்மா கிமோனோவுல இருக்காங்க. ஒரு பையன்கிட்ட சைக்கிள். இது ஏன் சாதாரண குடும்பப் போட்டோவா தெரியல?

முதல் காரணம் மணல். நம்ம தெருவுல ஒருத்தர நிக்க வெச்சு எடுத்தா, தலைக்குப் பின்னாடி ஒரு கம்பம், தோளுக்குப் பின்னாடி ஒரு போஸ்டர், காலடியில ஒரு பைக் சக்கரம். ஆளோட உருவம் அதுல கலந்துடும். மணல்ல அந்தப் பிரச்சினையே இல்ல. கீழ ஒரு சாம்பல் நிறம், மேல ஒரு சாம்பல் நிறம், நடுவுல ஒரு கோடு. அங்க நிக்கிற ஆளோட விளிம்பு முழுசா, வெட்டி ஒட்டின மாதிரி தெரியும். கைய மடக்கினாலும் தலையத் திருப்பினாலும் அது ஒரு சேதியாயிடுது.

இன்னொண்ணு தூரம். மரமோ வீடோ இருந்தா அத வெச்சு யார் எவ்வளவு தள்ளி நிக்கிறாங்கன்னு கண்ணு அளந்துக்கும். வெறும் மணல்ல அளக்க ஒண்ணுமில்ல. அதனால தள்ளி நிக்கிறவர் குட்டியா, பொம்மை மாதிரி ஆயிடுறார். நிஜமான ஆளுங்கதான், ஆனா ஒரு கனவுக்குள்ள நிக்கிறாங்க. இதுல எடிட்டிங் எதுவும் கிடையாது. எங்க நிக்கணும், எவ்வளவு இடைவெளி விடணும்னு அவரே சொல்லி நிக்க வெச்சார்.

அப்படி நிக்க வெச்சதுக்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. போர் முடிஞ்சப்புறம் ஜப்பான்ல கென் தோமோன்ங்கிற பெரிய போட்டோகிராஃபர் ஒரு இயக்கமே நடத்தினார். ஏற்பாடு பண்ணக் கூடாது, நிஜத்த அப்படியே பிடிக்கணும்ங்கிறது அவரோட கொள்கை. கேமரா பத்திரிகை படிச்ச அமெச்சூர்கள் ஆயிரக்கணக்குல அந்தப் பக்கம் போனாங்க. 1950-கள்ல உவேடா பாணி பழசாப் பட்டது. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. அதே தோமோன், 1949-ல தொத்தோரி மணல்மேட்டுல உவேடாவோட படத்துக்கு நின்னிருக்கார்! கொள்கை வேற, நட்பு வேற.

உவேடா சண்டைக்கும் போகல, ஊரையும் மாத்தல. தன்னோட வட்டாரத்துக் குழந்தைகளப் பருவம் பருவமா எடுத்துக்கிட்டே இருந்தார். அந்தப் படங்கள் 1971-ல புத்தகமாச்சு. அப்ப அவருக்கு 58 வயசு. அந்தப் புத்தகத்துல நிக்க வெச்சு எடுத்த நாடகத்தனம் ரொம்பக் குறைவு. பனி, வயல், திருவிழா, அதுக்கு நடுவுல குட்டிக் குட்டி உருவங்கள். ஆனா பார்த்த உடனே உவேடா படம்னு தெரியும். என்னோட கருத்துல அவர் வாழ்க்கையிலயே முக்கியமான இடம் இதுதான். மணல்ல வருஷக்கணக்கா ஆளுங்கள நிக்க வெச்சுப் பழகின கண்ணு, யாரையும் நிக்க வைக்காதப்பவும் அதே இடைவெளியையும் அதே வெறுமையையும் தானாத் தேடிப் பிடிக்குது. ஜப்பான்ல இந்தப் பாணிக்கு 'உவேடா-சோ'ன்னு தனிப் பேரே வந்துடுச்சு.

1983-ல அவர் மனைவி இறந்துட்டாங்க. மணல்மேட்டுல எத்தனையோ முறை அவர் கேமரா முன்னாடி நின்னவங்க. படம் எடுக்கிற ஆசையே அவருக்கு விட்டுப்போச்சு. விளம்பரத் துறையில இருந்த ரெண்டாவது மகன்தான் ஒரு ஃபேஷன் வேலைக்கு இழுத்துட்டு வந்தார். அப்பாவ அவர் கூப்பிட்டுட்டுப் போன இடம், அதே மணல்மேடு. எழுபது வயசுல கோட்டு சூட்டு போட்ட மாடல்கள நிக்க வெச்சு அவர் எடுத்த அந்தப் படங்கள பாருங்க. பொருள் புதுசு, கண்ணு அதே கண்ணு.

சரி, நம்ம விஷயத்துக்கு வருவோம். நமக்கு மணல்மேடு எங்க இருக்குன்னு கேப்பீங்க. மொட்டை மாடி இருக்கே. பின்னாடி வெறும் வானம், குறுக்க கைப்பிடிச் சுவரோட ஒரே கோடு. கொடியில காயுற ஒரு புடவை போதும். தண்ணி வத்தின ஏரி, அறுவடை முடிஞ்ச வயல், தூத்துக்குடிப் பக்கம்னா உப்பளம். நடந்து போற தூரத்துல ஒண்ணே ஒண்ணத் தேர்ந்தெடுங்க.

ஒரு நுட்பம் சொல்றேன், குறிச்சுக்கங்க. சமதரையில கேமரா எந்த உயரத்துல இருக்கோ, அந்த உயரத்துலதான் அடிவானக் கோடு ஆள வெட்டும். கண் மட்டத்துல பிடிச்சா கோடு கழுத்துலயோ முகத்துலயோ குறுக்க ஓடும். முட்டி போட்டு உக்காந்து எடுத்தா இடுப்புக்கு மேல முழுசா வானத்துல நிக்கும். போன்ல எடுத்தாலும் இதேதான். இன்னொண்ணு, வெள்ளை வானமும் வெளிர் மணலும் கேமராவ ஏமாத்தும். வெளிச்சம் அதிகம்னு நினைச்சு அது படத்த இருட்டாக்கிடும். எக்ஸ்போஷர ஒரு படி ஏத்திக்கங்க.

அப்புறம் ஆளுங்க. அம்மா, தம்பி, கீழ் வீட்டுப் பசங்க, யாரு இருக்காங்களோ அவங்க. மயிலாப்பூர் தேருக்கும் காசிமேட்டுக்கும் தாராளமாப் போங்க, நானும் போவேன். ஆனா அங்க எல்லாருக்கும் ஒரே காட்சிதான் கிடைக்கும். உங்க மாடியில உங்க அம்மா நிக்கிறத எடுக்க வேற யாரும் வரப்போறதில்ல. ரெண்டு மூணு மாசம் அதே இடம், அதே ஆளுங்க. அப்புறம் எல்லாத்தையும் சின்னதா பிரிண்ட் போட்டுத் தரையில பரப்புங்க. எந்த இடைவெளி, எந்தத் திருப்பம், எந்த வெளிச்சம் திரும்பத் திரும்ப வருதுன்னு பாருங்க. நீங்க திட்டம் போடாம வந்த ஒண்ணு அதுல இருக்கும். அடுத்த தடவை மாடி ஏறும்போது அத மட்டும் தேடி எடுங்க.