கைக்கடிகாரத்துக்கு ஒரு தொட்டில்!

குழந்தையைத் தூங்க வைக்கத் தொட்டில் ஆட்டுவார்கள். தூங்காமல் இருப்பதற்காகத் தொட்டில் ஆட்டுவது உண்டா? உண்டு, கைக்கடிகாரத்துக்கு!

"ஆட்டோமாட்டிக்" என்று ஒரு வகைக் கடிகாரம் இருக்கிறது. இதற்குத் தினமும் சாவி கொடுக்க வேண்டியதில்லை. பாட்டரியும் கிடையாது. கட்டியிருப்பவர் கையை அசைக்க அசைக்க, தானாகவே சாவி ஏறிக்கொள்ளும். கழற்றி வைத்தாலோ, பல கடிகாரங்கள் இரண்டு நாளைக்குள் நின்றுவிடும். அப்படி நிற்காமல் இருக்க, மோட்டாரால் சுழலும் சிறு பெட்டி ஒன்று விற்கிறார்கள். அதற்குப் பெயர் "வைண்டர்."

அப்பா விட்டுச் சென்ற கடிகாரத்தைப் பீரோவில் பத்திரமாக வைத்திருப்பவர்கள் பலர். "ஓடாமல் கிடந்தால் கெட்டுவிடும்" என்று யாராவது சொன்னால் மனம் பதறத்தானே செய்யும்? பணத்தை எடுப்பதற்கு முன் விஷயத்தைத் தெரிந்து கொள்வோம்.

சாவி ஏறுவது எப்படி?

இந்தக் கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்தால், அரைவட்டமான கனத்த தகடு ஒன்று தெரியும். கை அசையும் போதெல்லாம் அது சுழலும். பற்சக்கரங்கள் வழியாகச் சுருள்வில்லை முறுக்கும். முழுதும் முறுக்கிய பிறகு வில்லின் வெளிமுனை வழுக்கிக் கொடுக்கும். ஆகவே அதிகமாகச் சாவி ஏறி வில் அறுந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம்.

சுவிட்ஜர்லாந்தில் லெ லோக்ல் ஊரைச் சேர்ந்த பெர்லே என்பவர், 1777-ஆம் ஆண்டு வாக்கிலேயே சட்டைப்பைக் கடிகாரத்தில் இந்த வித்தையைச் செய்து காட்டினார். கைக்கடிகாரத்தில் இதைப் புகுத்தியவர் ஜான் ஹார்வுட் என்ற ஆங்கிலேயர். முதல் உலகப்போரில் பணியாற்றிய அவர், சாவித் தண்டின் வழியாகத் தூசியும் ஈரமும் புகுந்து கடிகாரம் கெடுவதைக் கவனித்தார். சாவியே இல்லாத கடிகாரத்தைச் செய்தார். 1931-ல் ரோலக்ஸ் கம்பெனி, முழு வட்டம் சுழலும் தகட்டைக் கொண்டு வந்தது.

பெட்டி யாருக்குத் தேவை?

பல கடிகாரங்களுக்கு நாள் ஒன்றுக்கு 650 முதல் 800 சுற்று போதும். சில கடிகாரங்கள் ஒரு திசையில் சுற்றினால்தான் சாவி ஏறும். பெட்டி வாங்குவோர் இந்த இரண்டையும் விசாரிக்க வேண்டும்.

மாதத்துக்கு 30 நாளா, 31 நாளா, லீப் வருடமா என்று தானே கணக்கிட்டுத் தேதி காட்டும் உயர்ந்த ரகக் கடிகாரங்கள் உண்டு. நிற்காமல் ஓடினால் 2100-ஆம் ஆண்டு வரை அவற்றின் தேதியைத் திருத்த வேண்டாம். நின்றுவிட்டால் சரிசெய்வது பெரிய வேலை. இத்தகைய கடிகாரங்களுக்குப் பெட்டி உதவும்.

மற்றவற்றுக்கு? நேரம் திருத்த ஒரு நிமிஷம் போதும். இரவு 9 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் முள் நிற்கும்போது மட்டும் தேதியை அவசரமாக மாற்றாதீர்கள். தேதி மாற்றும் சக்கரம் பழுதாகலாம்.

எண்ணெய் உறையுமா?

பழைய காலத்தில் மிருகக் கொழுப்பு எண்ணெய் இட்டார்கள். சும்மா கிடந்தால் அது கெட்டிப்படும். இப்போது இடுவது செயற்கை எண்ணெய். அதற்காகக் கடிகாரத்தை ஓட விட வேண்டியதில்லை. இரவும் பகலும் ஓடினால் சக்கரங்கள் தேய்வதுதான் மிச்சம். ஆளில்லாத வீட்டில் மின்விசிறியைச் சுழல விட்டதைப் போல!

இன்னொன்று. 1961-ல் பெங்களூரில் ஜப்பானிய சிட்டிசன் கம்பெனியின் துணையோடு எச்.எம்.டி. கடிகாரத் தொழில் தொடங்கியது. அங்கே தயாரான "ஜனதா" நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அது கையால் சாவி கொடுக்கும் ரகம். அதைச் சுழலும் பெட்டியில் வைத்தால், வருடம் முழுவதும் சுற்றினாலும் ஒரு வினாடிகூட ஓடாது!

ஆகவே, பெட்டிக்குச் செலவிடும் பணத்தை, நல்ல கடிகாரத் தொழிலாளியிடம் கொடுத்துச் சுத்தம் செய்து எண்ணெய் இடச் செலவிடுங்கள். பிறகு மாதம் ஒரு நாளாவது அதைக் கட்டிக்கொண்டு வெளியே போய் வாருங்கள். அப்பாவின் கடிகாரத்துக்குப் பிள்ளையின் கையை விடச் சிறந்த தொட்டில் எது?