சாரல் தரும் வாடகை

ஆனி, ஆடி மாதங்களில் தென்காசியில் நின்று மேற்கே பாருங்கள். மலைமுகடுகளில் மேகம் கவிந்திருக்கும். ஊருக்குள் மழை கொட்டாது. ஏன்? தென்மேற்குப் பருவக்காற்று தன் நீரின் பெரும்பகுதியைக் கேரளச் சரிவிலேயே இறக்கிவிடுகிறது. ஆரியங்காவு அருகே மலைத்தொடர் தாழ்ந்திருப்பதால், எஞ்சிய ஈரக்காற்று அவ்வழியே நுழைந்து மென்தூறலாக விழுகிறது. அதுவே சாரல். மலைமேல் பெய்த மழையைக் காட்டு மண் உறிஞ்சி வைத்து, மெல்ல மெல்லச் சிற்றாற்றில் விடுகிறது. அந்த ஆறுதான் குற்றாலத்தில் பேரருவியாகக் குதிக்கிறது.

அருவி விழுந்தால் ஊரில் அறைகள் நிரம்பும். தனியார் விடுதிகள் ஒருபுறமிருக்க, குற்றாலம் பேரூராட்சியே விடுதிகள் நடத்துகிறது. அந்த வாடகை ஊர்ப்பணம். காற்று ஏமாற்றினாலோ, எல்லா அறைகளும் காலி!

கென்யாவில் இல் ங்வேசி என்னுமிடத்து மாசாய் மக்கள் மாடு மேய்ப்பவர்கள். 1996இல் தங்கள் பொதுநிலத்தில் தாங்களே ஒரு விடுதி திறந்தார்கள். வருமானம் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் செல்கிறது. அதற்காக நிலத்தில் ஒரு பகுதியை யானைக்கும் சிங்கத்துக்கும் விட்டுவைத்தார்கள். விலங்கு இல்லையேல் விருந்தினர் ஏது?

குற்றாலத்துக்கு அந்த யானை, அருவிநீர்தான். 2014இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாதெனத் தடுத்தது. எண்ணெய்க் குளியலுக்கென்றே வந்தவர்களுக்கு இது கசக்கத்தான் செய்யும். ஆனால் அங்கே கழுவிய அழுக்கு அங்கேயே நிற்பதில்லை. தென்காசியைக் கடந்து, வயல்களில் பாய்ந்து, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது.