மின்சாரக் கார்: பணமும் புகையும் எவ்வளவு மிச்சம்?

பெட்ரோல் விலை லிட்டருக்கு நூறு ரூபாயைத் தாண்டியதிலிருந்து நம் குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்வி, "அடுத்த கார் மின்சாரக் காராக இருக்கட்டுமா?" என்பது. கிலோமீட்டருக்கு ஒன்றேகால் ரூபாய்தான் செலவு என்கிறார் விற்பவர். பாட்டரி போனால் காரே போனது போலத்தான் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இருவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. யாருக்கு எது பொருந்தும் என்பதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

மின்சாரக் கார் நமக்கு முற்றிலும் புதிதல்ல. 1993-ஆம் ஆண்டிலேயே நம் சாலக்குடியில் 'லவ்பேர்ட்' என்ற இரண்டு பேர் அமரும் மின்சாரக் கார் தயாரிக்கப்பட்டது. அன்றைய ஈய பாட்டரியின் எடை அதிகம், சக்தி குறைவு. அந்தக் கார் நிலைக்கவில்லை. இன்றைய லித்தியம் பாட்டரி அதே எடையில் சுமார் நான்கு மடங்கு மின்சாரத்தைச் சேமிக்கிறது.

அடிப்படை என்ன?

ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தி இருக்கிறது. எஞ்சின் அதில் ஏறக்குறைய கால் பங்கை மட்டுமே சக்கரத்துக்குத் தருகிறது. மீதியெல்லாம் ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெறும் வெப்பமாகப் போய்விடும். மின் மோட்டார் அப்படியல்ல. மீட்டரில் ஓடும் மின்சாரத்தில் முக்கால் பங்குக்குக் குறையாமல் சக்கரத்துக்கு வந்து சேரும்.

செலவுக் கணக்கு

ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓடும் கார் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால் 667 லிட்டர் வேண்டும். லிட்டர் 105 ரூபாய் என்றால் 70,000 ரூபாய். மின்சாரக் கார் யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர் ஓடினால் 1,540 யூனிட். வீட்டில் யூனிட் 8 ரூபாய் என்றால் 12,300 ரூபாய்தான். பொது இடத்தில் யூனிட் 20 ரூபாய் கொடுத்துச் சார்ஜ் செய்தால் 30,800 ரூபாய்.

ஆக, வீட்டில் சார்ஜ் செய்பவருக்கு ஆண்டுக்கு 57,700 ரூபாய் மிச்சம். காரின் விலை பெட்ரோல் காரைவிட நான்கு லட்சம் கூடுதல் என்றால், அந்தப் பணம் திரும்பி வர ஏழு ஆண்டு ஆகும். கடன் வாங்கிப் போட்ட பணத்துக்கு 8 சதவீத வட்டியையும் சேர்த்தால் பத்தரை ஆண்டு. பெரும்பாலான நிறுவனங்கள் பாட்டரிக்குத் தரும் உத்தரவாதம் 8 ஆண்டு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஆனால் ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓடினால், வட்டியோடு சேர்த்தே நாலேகால் ஆண்டில் பணம் வந்துவிடும். எஞ்சின் ஆயில், ஃபில்டர், கிளட்ச் செலவு இல்லாதது தனி லாபம்.

இன்னொரு விஷயம். கேரளத்தில் வீட்டுக்கு மாதம் 250 யூனிட் வரைதான் படிப்படியான கட்டணம். அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே கூடிய விலை. மேலே சொன்ன கார் மாதம் 130 யூனிட் இழுக்கும். ஏற்கெனவே 150 யூனிட் செலவழிக்கும் வீடு அந்த எல்லையைத் தாண்டிவிடும். விளக்குக்கும் மிக்சிக்கும் சேர்த்து அதிகம் கட்ட வேண்டி வரும். கார் வாங்குமுன் பழைய பில்லை எடுத்துப் பாருங்கள்.

புகைக் கணக்கு

இடுக்கிக்காரர்கள் ஒரு தவறான எண்ணம் கொள்ளக்கூடும். 1940-இல் தொடங்கிய பள்ளிவாசல் மின்நிலையமும், 1976-இல் வந்த 780 மெகாவாட் மூலமட்டம் நிலையமும் நம் மண்ணில் இருப்பதால், நம் காரில் ஓடுவதெல்லாம் தண்ணீர் மின்சாரம் என்று. அப்படியல்ல. கேரளம் தன் மின்சாரத்தில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்குகிறது. ராமகுண்டம், தால்ச்சர் நிலக்கரியும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் அதில் அடங்கும்.

இந்தியாவில் சராசரியாக ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. கம்பி இழப்பையும் சேர்த்தால் மின்சாரக் கார் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 13 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ வாயு வரும். சுத்திகரிப்பையும் சேர்த்தால் பெட்ரோல் காருக்கு 100 கிலோமீட்டருக்கு 18 கிலோ. வித்தியாசம் 5 கிலோ. ஆனால் 30 யூனிட் கொள்ளும் பாட்டரியைத் தயாரிக்கும்போதே இரண்டு டன்னுக்கு மேல் வாயு வெளியாகியிருக்கும். அதை ஈடு செய்யவே கார் சுமார் 45,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். அதற்குப் பிறகுதான் உண்மையான மிச்சம்.

வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடு வைத்துப் பகலில் சார்ஜ் செய்தால் இதே ஈடு சுமார் 12,500 கிலோமீட்டரிலேயே கிடைத்துவிடும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. மாலை ஆறு மணிக்கு மேல் சார்ஜ் போடுவதைத் தவிருங்கள். 2024 கோடையில் கேரளத்தின் உச்ச மின்தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியது. அந்த நேரத்து மின்சாரம்தான் விலையும் கூடியது.

மலைப்பாதையில் எப்படி?

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும்போது ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம் கூடுகிறது. ஒன்றரை டன் காரை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் 4 யூனிட் தேவை. சமவெளியில் 26 கிலோமீட்டர் ஓடக்கூடிய மின்சாரம் அது. ஆகவே மூணாறு போய்வர நினைப்பவர் விளம்பரத்தில் போட்ட தூரத்தை நம்பிப் புறப்படக்கூடாது.

இறங்கும்போது அதில் பாதிக்கு மேல் திரும்பக் கிடைக்கும். மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வண்டியைப் பிடித்து நிறுத்தியபடி பாட்டரியை நிரப்பும். ரயில்வேயில் எங்களுக்கு இது பழகிய விஷயம். 1995, 96-இல் வந்த டபிள்யூ.ஏ.பி.-5, டபிள்யூ.ஏ.ஜி.-9 எஞ்சின்கள் இறக்கத்தில் மேல்கம்பிக்கே மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்கின்றன. காரில் ஓர் எச்சரிக்கை: மலை உச்சியில் பாட்டரியை முழுதாக நிரப்பிக்கொண்டு இறங்காதீர்கள். நிறைந்த குடத்தில் மேலும் ஊற்ற முடியாது. பிரேக் கட்டைதான் முழுப் பாரத்தையும் தாங்க வேண்டி வரும்.

யாருக்கு ஏற்றது?

கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் சொந்த வீடும், கூரையில் வெயிலும், தினம் கோயம்புத்தூர் போய்வரும் வேலையும் உள்ளவர்கள் தயங்காமல் வாங்கலாம். மாதம் இரண்டு முறை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் கார் எடுப்பவருக்கு, இருக்கும் பெட்ரோல் காரை நன்றாகப் பராமரிப்பதே சிக்கனம். புகைக் கணக்கிலும் அதுவே மேல். தோட்ட லயங்களில் வசிப்போருக்குக் காரை நிறுத்தத் தனி இடமும், சார்ஜ் செய்யத் தகுந்த இணைப்பும் இல்லாதவரை இந்த லாபம் எட்டாக்கனிதான். அந்த வசதியைக் கேட்டுப் பெறுவது தனி ஒருவரால் ஆகாது. சங்கங்கள் கையில் எடுக்க வேண்டிய வேலை அது.

ஊரார் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர், மாதம் எத்தனை யூனிட், சார்ஜ் செய்ய எந்த இடம் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். விடை தானே வரும்.