சர்பத்தில் ஊற்றும் தண்ணீர்

கோடையில் வழியோரக் கடையொன்றில் சர்பத் குடித்துவிட்டு வயிற்றுக் கோளாறில் விழுந்தவர் பெரும்பாலும் பழத்தின்மீதே பழியைப் போடுகிறார். எலுமிச்சை ஒத்துக்கொள்ளவில்லை, தர்பூசணியில் ஊசி போட்டுவிட்டார்கள், சீனி அதிகமாகிவிட்டது என்று காரணங்கள் பலவாறாகச் சொல்லப்படுகின்றன. ஆனால், பொதிகையில் பிறந்து பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் என்று ஊர் ஊராக நனைத்துப் புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணியின் கரையில் வாழும் நாம், எந்தப் பானத்திலும் முதலில் ஐயுற வேண்டியது பழமன்று, அதில் ஊற்றப்படும் தண்ணீரும் மிதக்கும் ஐஸ் கட்டியுமே என்பதை இன்னும் போதிய அளவு மனத்திற் கொள்ளவில்லை.

இப்பிழையான எண்ணத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அசுத்த ஜலத்தின் மூலம் பரவும் மஞ்சட்காமாலைக் கிருமிகளில் ஒன்று உடம்பினுள் புகுந்தபின் நோயாக வெளிப்பட ஏறத்தாழ நான்கு வாரம் எடுத்துக்கொள்கிறது. மற்றொன்று அதனினும் தாமதிக்கக்கூடும். டைபாய்டு ஜுரமும் ஒன்றிரண்டு வாரங்கள் பதுங்கியிருந்தே பாய்கிறது. சித்திரை மாதத்தில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் குடித்த ஒரு குவளைப் பானத்திற்கும் வைகாசியில் கண் மஞ்சளிப்பதற்கும் உள்ள சம்பந்தத்தை யார் நினைவு வைத்திருக்கப் போகிறார்கள்? கர்ப்பிணிப் பெண்களுக்கு, அதிலும் கடைசி மூன்று மாதங்களில் இருப்பவர்களுக்கு, இந்தக் காமாலைகளில் ஒருவகை உயிருக்கே ஆபத்தாக முடியும் என்பதால் இதை அற்ப விஷயமென்று தள்ளிவிடுவதற்கில்லை. உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்பதும், எலுமிச்சையின் புளிப்பே தண்ணீரைச் சுத்தப்படுத்திவிடும் என்பதும் நம்மிடையே வழங்கும் இரண்டு நம்பிக்கைகள். இரண்டையும் நம்பி ஒரு குழந்தையின் கையில் குவளையைக் கொடுக்கலாகாது.

ஆற்றுத் தண்ணீர் என்றாலே அமிர்தம் என்று சொல்லிப் பழகிய நமக்கு அதன் இன்றைய நிலையை ஏற்றுக்கொள்ளச் சங்கடமாயிருக்கிறது. கழிவுநீர் கலப்பதைத் தடுக்கக் கோரித் தொடரப்பட்ட பொதுநல வழக்கில், 2024 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நீதிபதிகள் இருவர் நேரில் வந்து ஆற்றைப் பார்வையிடும் அளவுக்கு அந்த நிலை இருந்தது. ஆகவே குழாயில் வருவதானாலும் கேனில் வருவதானாலும், தண்ணீரைக் குமிழியிட்டுக் கொதிக்கவிட்டு, கொதி வந்த பிறகும் ஒரு நிமிஷமாவது அடுப்பில் வைத்து, மூடியபடியே ஆறவிட்டு, மண்பானையில் ஊற்றிக்கொள்வதே வீட்டுப் பானத்தின் முதற் கிரியை. பானையை ஒன்றுவிட்டு ஒருநாளாவது உட்புறம் தேய்த்துக் கழுவ வேண்டும். கையை உள்ளே விட்டு மொள்ளாமல், நீண்ட பிடியுள்ள அகப்பையால் எடுக்க வேண்டும். ஐஸ் வேண்டுமென்றால் இதே நீரை வீட்டிலேயே உறைய வைத்துக்கொள்ளலாம்.

பழத்துக்கு நாம் எங்கும் அலைய வேண்டியதில்லை. பழைய திருநெல்வேலிச் சீமையில் இருந்து, 2019-இல் தென்காசி மாவட்டம் பிரிந்தபோது அதனோடு சென்ற புளியங்குடி, எலுமிச்சைச் சந்தைக்குப் பேர்போனது. அவ்வூர்ப் பழத்திற்கு 2025-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நன்னாரி வேர் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும். ஒரு நூறு கிராம் வேரை மண்போகக் கழுவி, இடித்து, நடுவிலுள்ள கட்டையை நீக்கிவிட்டு, கொதித்து இறக்கிய ஒரு லிட்டர் நீரில் இட்டு இரவு முழுவதும் மூடிவைத்தால், காலையில் மூடியைத் திறக்கும்போதே அடுக்களை மணக்கும். அதை வடிகட்டி, ஒரு கிலோ சீனி சேர்த்து, சீனி கரைந்து ஒரு கொதி வந்ததும் இறக்கி, இரண்டு கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டால் பாகு பூத்துப்போகாது. வெகுநேரம் கொதிக்கவிட்டால் மணம் போய்விடும். நிறம் செம்பழுப்பாகவே நிற்கும். கடைச் சீசாக்களிற் காணும் கருஞ்சிவப்பை அதில் எதிர்பார்க்கலாகாது. அந்தச் சீசாக்களின் மேலுள்ள சிறிய எழுத்துக்களைப் படித்தால், செயற்கை மணமும் நிறமும் சேர்க்கப்பட்டிருப்பது பல சமயம் தெரியவரும். வேரே இருந்தாலும், நன்னாரியின் வாசனையையே ஒத்த மாகாளிக் கிழங்கு அதன் இடத்தில் அமர்ந்திருப்பதும் உண்டு. மாகாளி கெடுதலான பொருளன்று, நாம் ஊறுகாய் போட்டு உண்பதுதான். ஆனால் எந்தப் பொருளுக்குக் காசு கொடுக்கிறோம் என்று அறிந்துகொள்ளும் உரிமை வாங்குகிறவனுக்கு உண்டு.

அரைமூடி எலுமிச்சை, இரண்டு மேஜைக் கரண்டிப் பாகு, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு குவளை ஆறிய நீர், இவ்வளவுதான் சர்பத். தோலோடு வைத்து ஒட்டப் பிழிந்தால் கசக்கும். விதை விழுந்தாலும் கசக்கும். சப்ஜா விதையைச் சேர்ப்பவர்கள் அதையும் காய்ச்சிய நீரிலேயே ஊறவைக்க வேண்டும், ஏனெனில் அந்த வழுவழுப்புக்குள் ஊறிப்போன தண்ணீரை யாரும் பின்னால் கொதிக்க வைப்பதில்லை. இன்னொரு எச்சரிக்கை நமது ஊருக்கே உரியது. பூசையறையில் தீர்த்தம் வைக்கும் செம்புப் பாத்திரத்தின்மீது நமக்குப் பெரும் பக்தி உண்டு; அதில் வெறும் தண்ணீர் வைப்பதை நான் குறைகூறவில்லை. எலுமிச்சை, புளி முதலிய புளிப்புப் பதார்த்தங்களை ஈயம் பூசாத செம்பிலோ பித்தளையிலோ வைத்தால் உலோகம் கரைந்து பானத்தில் இறங்கி, குமட்டலும் வாந்தியும் உண்டாகும். அலுமினியமும் வேண்டாம். கண்ணாடி, மண், எவர்சில்வர் ஆகியவையே ஏற்றவை. எலுமிச்சை பிழிந்த கையைக் கழுவாமல் வெயிலில் இறங்குவோர்க்குத் தோல் கன்றிக் கருந்தேமலாகிவிடுவதும் அநுபவத்தில் காண்பதே.

சீனியைப் பற்றி ஒரு வார்த்தை. மேற்சொன்ன குவளையில் சுமார் 20 கிராம் சீனி இருக்கிறது. பெரியவர் ஒருவர் நாளொன்றுக்குச் சேர்க்கைச் சீனியை ஏறத்தாழ 50 கிராமுக்குள் அடக்க வேண்டும், 25 கிராமோடு நிறுத்தினால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015-ஆம் ஆண்டு அறிவுரையின் சாரம். பிழிந்தெடுத்த பழச்சாற்றின் இனிப்பும் அந்தக் கணக்கிலேயே சேரும். கருப்பட்டியில் பானகம் கரைத்தாலும் நீரிழிவுக்காரருக்கு அது சீனியே. உடன்குடிக் கருப்பட்டி என்ற பெயரில் சீனி கலந்த கட்டிகளும் விற்கப்படுவதால், தெரிந்த கையிடம் வாங்குவது நலம். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பழச்சாறும் இனிப்புப் பானமும் கொடுக்க வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிறது.

குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது மிகவும் வருத்தத்தோடு சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. வயிற்றுப்போக்கால் உடம்பின் நீர் வற்றிய குழந்தைக்குக் கொடுக்க வேண்டிய ஓ.ஆர்.எஸ். கரைசலில் உப்பும் குளுக்கோஸும் கணக்காக அளந்து சேர்க்கப்பட்டிருக்கின்றன; லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸும் 2.6 கிராம் சாதாரண உப்பும், அவற்றோடு பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். ஆனால் பல ஆண்டுகளாக அந்த மூன்றெழுத்துக்களையே பெயரிற் சூட்டிக்கொண்டு, சீனி மிகுந்த பழச்சுவைப் பானங்கள் மருந்துக்கடை அலமாரிகளிலேயே விற்கப்பட்டு வந்தன. அவற்றைக் குடித்தால் சீனி குடலுக்குள் மேலும் நீரை இழுத்து வயிற்றுப்போக்கை மிகுவிக்கும். ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்து எட்டாண்டுகள் விடாமல் போராடியதன் பயனாக, 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அத்தகைய பானங்களின் பெயரில் அச்சொல் வரலாகாது என்று ஆணையிட்டது. வீட்டில் செய்த சர்பத்தும் ஓ.ஆர்.எஸ். ஆகிவிடாது, வயிற்றுப்போக்குக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பொட்டலமே தக்கது. வெயிலில் மயங்கி நினைவிழந்து கிடப்பவர் வாயில் எந்தப் பானத்தையும் ஊற்றக்கூடாது. நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பை நனைத்து, விசிறி, 108-ஐ அழைக்க வேண்டும்.

எல்லோரும் எந்நேரமும் வீட்டிலேயே குடித்துக்கொண்டிருக்க முடியாது என்பதால் வெளியில் வாங்குகிறவருடைய உரிமைகளுக்கு வருவோம். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2011 ஆகஸ்டு முதல் அமலில் இருக்கிறது. அதன்படி ஜூஸ் கடை வைப்பவர் பதிவோ உரிமமோ பெற்று, அதைப் பார்வையில் படும்படி மாட்டிவைக்க வேண்டும். 14 இலக்கமுள்ள அந்த எண் பில்லிலும் இருக்க வேண்டும். மாம்பழத்தைக் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது முற்றிலும் தடைசெய்யப்பட்ட காரியம். முறைப்படி எத்திலீன் வாயுவைக் கொண்டு பழுக்கவைப்பதற்கு அநுமதி உண்டு. மீனுக்கும் பிணத்துக்கும் வைக்கும் ஐஸ் வேறு, குவளையில் போடும் ஐஸ் வேறு. உண்ணத் தகாத ஐஸை நீலநிறம் இட்டுப் பிரித்துக் காட்ட வேண்டுமென்று 2018-இலேயே ஆணையம் அறிவுறுத்தியிருக்கிறது. “அண்ணாச்சி, ஐஸ் எங்க வாங்குதிய?” என்று கேட்பதில் அவமரியாதை எதுவும் இல்லை, நேர்மையான கடைக்காரர் பெட்டியைத் திறந்தே காட்டிவிடுவார், முகம் சுளிப்பவரிடம் ஐஸ் இல்லாமல் வாங்கிக்கொள்ளலாம், அல்லது நடையைக் கட்டலாம். அடைத்த சீசாவுக்கு அச்சிட்ட விலைக்குமேல் “கூலிங்” என்று இரண்டு ரூபாய் கேட்பதும் குற்றமே. அந்தப் புகாருக்கு உரிய இடம் தொழிலாளர் துறை.

தண்ணீரின்மீது குடிமக்களுக்குள்ள உரிமையை நமது மாவட்டம் ஒருமுறை நீதிமன்றம் வரை கொண்டுசென்றது. கங்கைகொண்டான் சிப்காட் வளாகத்திலுள்ள குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணி நீர் வழங்கப்படுவதை எதிர்த்த வழக்கில், 2016 நவம்பரில் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச்சில் மனுக்கள் தள்ளுபடியாயின. வழக்கு தோற்றாலும் அக்காலத்தில் வணிகர் சங்கங்கள் அந்நியக் குளிர்பானங்களை விற்பதில்லையென்று அறிவிக்கும் அளவுக்கு அக்கேள்வி மக்களிடையே பரவியது. உபரி நீரே தரப்படுகிறது என்ற வாதத்தை, கடைமடை விவசாயி தண்ணீருக்குக் காத்து நிற்கும் வருஷங்களில் ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

கெட்ட பானத்தால் தீங்கு நேர்ந்துவிட்டால், பலரும் கோபத்தில் மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டிவிடுகிறார்கள். அதுவே முதற் சாட்சியம். சீசாவையும் மிச்சப் பானத்தையும் பில்லையும் பத்திரப்படுத்தி, மேலட்டையிலுள்ள தயாரிப்புத் தேதி, தொகுதி எண் ஆகியவற்றைப் படம் எடுத்து, வைத்தியரிடம் காட்டிய சீட்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு, மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் முறையிட வேண்டும். 94440 42322 என்ற தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண்ணிலும் புகார் அனுப்பலாம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு வாங்குகிறவரே கட்டணம் செலுத்திப் பொருளைப் பகுப்பாய்வுக்குக் கொடுக்க வழிசெய்கிறது; ஆனால் வாங்கும்போதே அவ்வெண்ணத்தை விற்பவரிடம் தெரிவித்துவிட வேண்டும், குறை நிரூபணமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். நமக்கு அனுகூலமாக, அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்களில் ஒன்று பாளையங்கோட்டையிலேயே இருக்கிறது. பாதுகாப்பற்ற உணவால் உயிரிழப்பு நேர்ந்தால் குறைந்தது ஐந்து லட்சம் ரூபாயும், கடுமையான தீங்குக்கு மூன்று லட்சம் வரையும், மற்றவற்றுக்கு ஒரு லட்சம் வரையும் நஷ்டஈடு அளிக்க 65-ஆவது பிரிவு இடந்தருகிறது. நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை இரண்டு ஆண்டுகளுக்குள் அணுக வேண்டும். வாங்கிய விலை ஐந்து லட்சத்துக்கு மேற்படாதவரை அங்கே கட்டணமில்லை, வக்கீல் வைத்தே தீர வேண்டுமென்ற நிர்ப்பந்தமும் இல்லை. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.

புகாரை உரிய அலுவலரிடம் கொடுக்க வேண்டுமேயன்றி, கைப்பேசியில் வதந்தியாக்கலாகாது. 2025 கோடையில் தர்பூசணியில் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு பரவியபோது, எந்தத் தவறும் செய்யாத தமிழ்நாட்டு விவசாயிகள் பழத்தை விற்க முடியாமல் வயலிலேயே விட்டுத் தவித்தார்கள்.

இனி, கோடைதோறும் ரத வீதிகளிலும் பேருந்து நிறுத்தங்களிலும் தண்ணீர்ப் பந்தல் வைக்கும் புண்ணியவான்களுக்கு ஒரு செய்தி. லாப நோக்கமின்றி நடத்தினாலும் உணவு வழங்குவது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வருவதால், பந்தல் போடுமுன் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டு, பதிவு செய்துகொள்வது நல்லது. பானகமும் நீர்மோரும் காய்ச்சி ஆறிய நீரில், அன்றன்று வேண்டிய அளவே கரைக்கப்பட வேண்டும். வெயிலில் நான்கு மணி நேரத்துக்குமேல் நின்ற மோரை மறுபடி ஊற்றாமல் கொட்டிவிட வேண்டும். குவளைகளை ஒரே வாளித் தண்ணீரில் முக்கி எடுக்காமல், ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவ ஓர் ஆளைத் தனியாக நிறுத்த வேண்டும்.