கண்டோசும் சுக்லாவும்

பின்லாந்து மக்கள் சொக்கிலேற்றைச் ‘சுக்லா’ என்பர். மெக்சிக்கோவின் நஹுவாத்தில் மொழியில் வேர்கொண்டதாகக் கருதப்படும் இச்சொல்லைப் பண்டத்தோடு ஐரோப்பாவுக்குக் கொணர்ந்தவர் ஸ்பானியர். பிரெஞ்சு வழியே சுவீடிஷ் மொழியிற் புகுந்து, அங்கிருந்து பின்லாந்தை அடைந்தது. அம்மொழிக்கு இயல்பல்லாத ‘ஷ’ ஒலி ‘ஸ’ ஆயிற்று. ஈற்று மெய் உதிர்ந்தது. உயிர் நீண்டு நின்றது.

இங்கே தமிழரும் பின்லாந்தினரும் ஒரு வழியினர். சொல்லின் முதலில் மெய்ம்மயக்கம் வருவதைப் பழைய பின்னிஷ் ஏற்பதில்லை. சுவீடிஷ் ‘ஸ்கூலா’ அங்கே முதல் மெய்யை இழந்து ‘கொவுலு’ எனப் பள்ளிக்கூடத்தைக் குறித்தது. நம்மிடமும் ‘ஸ்தலம்’ தலமாயிற்று. வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்திய சொல்லை ஏற்கலாமென்று தொல்காப்பியரே வழி வகுத்துள்ளார். போர்த்துக்கேயரின் பாணும் கதிரையும், ஒல்லாந்தரின் கந்தோரும் இவ்வாறே நம் வீட்டுச் சொற்களாயின.

ஆனால் சொக்கிலேற்றுக்கு நம்மவர் வேறொரு பெயரும் வைத்துக்கொண்டனர்: கண்டோஸ். இது கண்டிக்கு அருகே குண்டசாலையில் உற்பத்தியாகும் சொக்கிலேற்றின் வியாபாரப் பெயர். அத்தொழிலை வளர்த்த உபாலி விஜேவர்தன 1983இல் விமானத்தோடு காணாமற்போனார். பெயரோ நம் வாயில் நிலைத்துவிட்டது. செய்தவன் பெயர் செய்பொருளுக்கு ஆவதைக் கருத்தாவாகுபெயர் என்போம். கண்டோஸ் அதையும் தாண்டியது. ஒரு கம்பனிப் பண்டத்தின் பெயர் எல்லாக் கம்பனிப் பண்டத்துக்கும் ஆயிற்று. இன்று வெளிநாட்டுச் சித்தப்பா கொண்டுவரும் சுவிஸ் சொக்கிலேற்றும் பண்டத்தரிப்பில் கண்டோஸ்தான்.

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் நான் சிறுவன். அக்காலத்தில் அப்பண்டம் எங்களுக்கு எட்டாத ஒன்று. ஆயினும் சொல் மறையவில்லை; அம்மாமார் அழுத பிள்ளையை அச்சொல்லாலேயே தேற்றினர். பண்டமின்றியும் பெயர் வாழ்ந்தது.

ஆகவே, மாணவன் கட்டுரையில் ‘கண்டோஸ்’ என எழுதினால் சிவப்பு மையால் வெட்டலாமா? பொதுத் தமிழ் வேண்டிய இடத்தில் ‘சொக்கிலேற்’ எனத் திருத்துவேன். சிறுகதையில் ஒரு பாட்டி பேசும்போது அதனைத் தொடமாட்டேன். அங்கே அதை வெட்டினால், வெட்டுப்படுவது ஒரு பிறமொழிச் சொல் மட்டுமன்று. நம் ஊரின் பேச்சும் அதனுள் கிடக்கும் ஒரு காலமுமாகும்.