பொழுதும் பொருளும் – 7: ஒரு தொப்பி இறகு

பிரபுக்களின் கேளிக்கை என்று நாம் ஒதுக்கிவிடும் விளையாட்டுகளுள் சில, எப்படியோ கை மாறி, காலப்போக்கில் ஓர் ஊர் முழுமைக்கும் சோறு போடும் தொழிலாகிவிடுவதுண்டு என்றும், அதற்கு உதாரணமாக ஸ்காட்லாந்தின் கீழ்க்கடற்கரையிலுள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற சிறுநகரத்தின் கதையைச் சொல்வதாகவும் சென்ற வாரம் வாக்களித்திருந்தேன். ஏறத்தாழ 17,000 பேர் வசிக்கும் அந்த ஊரில், 2022-ஆம் ஆண்டு ஜூலையில், ஓப்பன் கோல்ஃப் பந்தயம் 150-ஆவது முறையாக நடந்தபோது, அந்த ஒரு வாரத்தில் பதிவான பார்வையாளர் வருகை 2,90,000. அந்தக் கூட்டம் உண்ணவும் உறங்கவும் ஊர்க்காரர் எவ்வாறு இடம் கண்டார்கள் என்பதே தனிக் கட்டுரைக்கு விஷயம். நான் சொல்லப்புகுவது அதற்கு முந்திய கதை.

ஸ்காட்லாந்துத் திருச்சபையின் தலைமைப்பீடமாக விளங்கி, யாத்ரிகர் கூட்டத்தால் செழித்திருந்த செயின்ட் ஆண்ட்ரூஸ், 1559-இல் சமயச் சீர்திருத்தக் கிளர்ச்சியில் அதன் பேராலயம் சூறையாடப்பட்டது முதல் க்ஷீணதசை அடைந்தது. இடிந்த ஆலயத்தின் கற்களைப் பெயர்த்து வீடு கட்டிக்கொண்ட ஜனங்களிடம் மிஞ்சியவை ஒரு பழைய சர்வகலாசாலையும், கடலுக்கும் கழனிக்கும் நடுவே உழவுக்கு உதவாமல் கிடந்த மணற்பாங்கான புல்வெளியுமே. லிங்க்ஸ் என்று அவர்கள் வழங்கும் அந்தப் புல்வெளியில் ஊரார் பந்தாடலாம் என்னும் உரிமையை 1552-ஆம் ஆண்டுச் சாஸனமே ஒப்புக்கொண்டிருந்தது. ஆயினும் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், கடனில் மூழ்கிய நகரசபை அதை விற்றுவிட, வாங்கியவர்கள் முயல் வளர்க்கத் தலைப்பட்டார்கள்! ஆட்டக்காரர் தோண்டிய குழிகளைவிட முயல்கள் தோண்டிய குழிகள் மிகுந்துபோயின. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. கடைசியில் 1821-இல், அக்கம்பக்கத்து நிலச்சுவான்தார் ஜேம்ஸ் சீப் என்பவர் அந்நிலத்தை விலைக்கு வாங்கி ஆட்டத்துக்கே மீட்டுக் கொடுத்தார்.

நிலம் கிடைத்துவிட்டது, ஆட ஆள் வேண்டாமா? அதற்குத் தடையாக நின்றது பந்தின் விலை. அக்காலத்துப் பந்து இறகுகளால் ஆனது. பாட்மிண்டன் ஆடுகிறவர்களுக்குப் பழக்கமான இறகுப்பந்தை இங்கே நினைத்துக்கொள்ளக் கூடாது; இதன் இறகுகள் கண்ணுக்கே தெரியா. படிகார நீரில் ஊறிய மாட்டுத்தோலைத் துண்டுகளாக வெட்டித் தைத்து, உட்புறம் வெளியே வரும்படி புரட்டி, ஒரு சிறு துவாரம் மாத்திரம் விட்டு, அதன் வழியே ஒரு தொப்பி நிறைய வேகவைத்த வாத்திறகை, மார்போடு அணைத்துப் பிடித்த இரும்புக் கோலால் அழுத்தி அழுத்தித் திணிப்பார்கள். ஈரம் உலர உலரத் தோல் சுருங்கும், இறகு விரியும். இரண்டும் ஒன்றையொன்று நெருக்கிக் கல்லைப்போல் இறுகிவிடும். தேர்ந்த தொழிலாளி ஒரு நாளில் மூன்று நான்கு பந்து செய்தால் அதிகம். இறகுத் தூசியும் மார்பில் அழுந்தும் கோலும் சேர்ந்து அவன் ஆயுளைக் குறைத்ததுதான் மிச்சம். அப்படியாகப்பட்ட பந்து, மழையில் நனைந்தால் உப்பிப் பிளந்துவிடும். விலையோ சில சமயம் அதை அடிக்கும் மட்டையின் விலையையும் மிஞ்சும். ஆகவே கோல்ஃப் கனவான்களின் ஆட்டமாயிருந்ததற்கு அவர்களுடைய குலப்பெருமையைவிட வாத்திறகே முக்கிய காரணம் என்று சொல்லத் தோன்றுகிறது.

மாற்றம் மலேயாக் காட்டிலிருந்து வந்தது. அங்குள்ள ஒருவகை மரத்தின் பால், காய்ச்சி உறைந்தபின், வெந்நீரில் இளகுவதும் ஆறினால் கெட்டியாவதுமான இயல்புடையது. கட்டாபெர்ச்சா என்ற அதன் பெயரைக் கேட்டறியாதவர்களும், பல்வைத்தியரிடம் வேர்ச் சிகிச்சை செய்துகொண்டிருந்தால், அதை வாயிலேயே சுமந்துகொண்டிருக்கக் கூடும். கீழ்த்திசையிலிருந்து செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு வந்த ஒரு விஷ்ணு விக்கிரகத்தைச் சுற்றி, அடிபடாமலிருக்க வைத்திருந்த கட்டாபெர்ச்சாச் சில்லுகளை உருட்டித்தான் பேட்டர்சன் என்ற மாணவர் முதல் பந்தைச் செய்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. அது மெய்யோ பொய்யோ, பெருமாள் சம்பந்தப்பட்டிருப்பதால் நான் மறுக்கப்போவதில்லை. 1848 வாக்கில் அந்தப் பந்து கடைக்கு வந்துவிட்டது என்பது மாத்திரம் நிச்சயம். விலை ஏறக்குறைய ஒரு ஷில்லிங். உடைந்தால் மறுபடி உருக்கி உருட்டிக்கொள்ளலாம். புதுப்பந்து வழவழவென்றிருந்தவரை நேரே பறக்காமல் தலைகுப்புற விழுந்தது. அடிபட்டுத் தழும்பேறிய பழம்பந்தோ அழகாகப் பறந்தது. இதைக் கண்டுகொண்ட தொழிலாளிகள், சுத்தியலால் தாங்களே முன்கூட்டித் தழும்பிட்டு விற்கலானார்கள்.

இறகுப் பந்துத் தொழிலில் பேர்போன ஆலன் ராபர்ட்ஸன் மரப்பால் பந்தின் வரவை எளிதில் பொறுக்கவில்லை. தம்மிடம் வேலை பார்த்த டாம் மாரிஸ், கையிலிருந்த பந்துகள் தீர்ந்துபோன ஒரு நாள், வேறொருவரிடம் மரப்பால் பந்தை வாங்கி ஆடியதை அறிந்ததும் சினந்து கொள்ள, இருவரும் பிரிந்தார்கள். மாரிஸ் 1851-இல் மேற்கரைப் பிரெஸ்ட்விக்குக்குப் போனார். அங்கேதான் 1860-இல், எட்டே பேர் ஆட, முதல் ஓப்பன் பந்தயம் நடந்தது. ராபர்ட்ஸனும் பிற்பாடு மரப்பாலுக்கே மாறினார். மலேயா மரங்களின் கதியைச் சொல்லாமல் போவது நியாயமாகாது: பாலுக்காக அவை வெட்டிச் சாய்க்கப்பட்டு, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் சிங்கப்பூர்க் காடுகளில் அநேகமாக அற்றே போயின. அந்தப் பாவத்தில் பெரும்பங்கு கடலடித் தந்திக் கம்பிகளைச் சேரும். பந்துக்கும் ஒரு சிறுபங்கு உண்டு.

1852-இல் செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு ரயிலும் வந்து சேர்ந்தது. மலிவான பந்தும் மலிவான பிரயாணமும் ஒருங்கே கிட்டியதால் குமாஸ்தாக்களும் கடைக்காரர்களும் விடுமுறைக்கு அங்கே வரத் தொடங்க, மட்டை செய்யும் தச்சன், அறை வாடகைக்கு விடும் விதவை, மீன்பாடு மந்தமான நாட்களில் மட்டை சுமக்கும் மீனவன் எனப் பலருக்கும் ஜீவனம் கிடைத்தது. மட்டை சுமப்பவனுக்குக் கேடி என்று பெயர்; நம் போலீஸ் பதிவேட்டிலுள்ள கேடிக்கும் இவனுக்கும் யாதொரு உறவும் இல்லை. அந்த ரயில் பாதை 1969-இல் மூடப்பட்டுவிட்டது. ஆட்டக்காரர் வருகை குறையவில்லை.

என் அபிப்பிராயத்தில் இவ்வளவுக்கும் ஆதாரம் வேறொன்று. 1894-இல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் அந்தப் புல்வெளி மீண்டும் நகரத்தின் உடைமையாயிற்று. 1974 முதல் ஒரு தர்ம ஸ்தாபனம் அதை நிர்வகிக்கிறது. ஒரு பெரும் கோடீசுவரர் வந்து, ‘இது என் மைதானம்’ என்று வேலியடைக்க முடியாது. அங்கே பழைய மைதானம் என்று பெயர் பெற்ற ஆடுகளத்தில் ஒரு முறை ஆட வெளியூர்க்காரன் 300 பவுண்டுக்கு மேல் கொடுக்கிறான். அதிலும் பலர் குலுக்கலில் பேர் விழக் காத்திருக்க வேண்டும். ஊரார் சலுகைச் சந்தாவில் ஆடுகிறார்கள். வெளியூரான் பணம் புல்லைப் பராமரிக்கிறது. வீட்டு வாடகை ஏறி, உணவுவிடுதியில் தட்டெடுக்கும் பெண் அயலூரிலிருந்து பஸ் ஏறி வரவேண்டியிருப்பதும் அதே செல்வத்தின் விளைவுதான். வரவுக் கணக்கை மட்டும் காட்டுகிறவர்கள் அந்தப் பஸ் கட்டணத்தைச் சேர்ப்பதில்லை.

வழக்கமான ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய மைதானத்தில் ஆட்டம் கிடையாது. உலகெங்குமிருந்து ஆட்டக்காரர் பேர் கொடுத்துக் காத்திருக்கும் அந்தப் பதினெட்டாம் குழிப் புல்தரையின் மேல், அன்று குழந்தைகள் ஓடியாட, முதியவர்கள் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கடற்கரைப் பக்கமாக மெல்ல நடந்து போகிறார்கள்.