தோள்சீலை முதல் ஐ.நா. வரை: எல்லைக் கிராமப் பெண்கள் எழுப்பிய உரிமைக் கேள்வி

நெய்யாற்றின்கரை: களியக்காவிளையைக் கடந்ததும் தொடங்கும் பாறசாலை, அதற்கு வடக்கே உள்ள நெய்யாற்றின்கரை ஆகிய வட்டாரங்களின் கிராமங்களில் தமிழும் மலையாளமும் இன்றும் அருகருகே ஒலிக்கின்றன. 1956 நவம்பர் 1 அன்று வகுக்கப்பட்ட மாநில எல்லை, விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களைத் தமிழ்நாட்டிலும் நெய்யாற்றின்கரையைக் கேரளத்திலும் நிறுத்தியது. அதற்கு முன்பு இவையனைத்தும் தென் திருவிதாங்கூர் என்ற ஒரே நிலப்பரப்பு. வழக்கம் என்ற பெயரில் ஒரு பெண்ணின் உரிமையை மறுக்கலாமா என்ற கேள்வி, சர்வதேச மனித உரிமைச் சட்டம் உருவாவதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே இங்கு எழுந்தது.

தோள்சீலைப் போராட்டம் என வரலாறு குறிப்பிடும் அந்தப் போராட்டத்தின் மையத்தில் இருந்தவர்கள் நாடார் பெண்கள். அன்றைய அரசு ஆவணங்கள் இவர்களைச் சாணார் என்றே குறிப்பிடுகின்றன. உயர்ந்த நிலையில் இருப்போர் முன்னிலையில் மார்பைத் திறந்து நிற்பதே மரியாதை என்பது அக்காலத் திருவிதாங்கூரின் வழக்கம். நாயர் பெண்களும் தங்களுக்கு மேற்பட்டோர் முன் அவ்வாறே நிற்க வேண்டியிருந்தது. ஆனால் தோளின் மீது மேலாடை அணியும் உரிமை அவர்களுக்கு இருந்தது. நாடார் பெண்களுக்கு அதுவும் இல்லை.

குப்பாயம் போதாது

இந்தப் போராட்டத்தை நாணம் தொடர்பான சச்சரவாக மட்டும் பார்ப்பது பிழை. 1810-களில் ரெசிடென்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் ஜான் மன்றோ, மதம் மாறிய நாடார் பெண்கள் சிரியன் கிறிஸ்தவப் பெண்களைப் போலக் குப்பாயம் என்ற சட்டையை அணிய அனுமதி அளித்தார். உடலை மறைப்பதே நோக்கமாக இருந்திருந்தால் விவகாரம் அங்கேயே முடிந்திருக்கும். பெண்களோ குப்பாயத்துக்கு மேல், நாயர் பெண்கள் அணிவது போன்ற மேலாடையையும் அணிந்தனர். உடலை மறைத்துக்கொள்ளச் சலுகை அளித்த அரசிடம் அவர்கள் கேட்டது சமத்துவம். எதிர்த்தோரைச் சினமூட்டியதும் அதுவே. சந்தைகளிலும் சாலைகளிலும் பெண்களின் மேலாடைகள் கிழிக்கப்பட்டன. சிற்றாலயங்களும் பள்ளிகளும் எரிக்கப்பட்டன.

1829 பிப்ரவரி 3 அன்று வெளியான அரச அறிவிப்பு, குப்பாயத்தை அனுமதித்து மேலாடையைத் தடை செய்தது. ஊதியமில்லாக் கட்டாய உழைப்பான ஊழியமும் தொடர வேண்டும் என்றது. அந்த அறிவிப்பை வெளியிட்ட ஆட்சிப் பொறுப்பாளர் ராணி கௌரி பார்வதி பாய் ஒரு பெண் என்பது கவனிக்கத்தக்கது. அரியணையில் ஒரு பெண் அமர்ந்திருந்ததால் வயலில் உழைத்த பெண்ணின் குரல் கேட்கப்பட்டுவிடவில்லை.

தடைக்குப் பின்னரும் பெண்கள் மேலாடையைக் கைவிடவில்லை. 1858 நவம்பரில் விக்டோரியா அரசியாரின் பேரறிக்கை வெளியானபோது மோதல் மீண்டும் மூண்டது. சட்டத்தின் சமமான பாதுகாப்பு அனைவருக்கும் உண்டு என்றது அப்பேரறிக்கை. இந்தியாவின் தொன்மையான உரிமைகளும் வழக்கங்களும் மதிக்கப்படும் என்றும் அதே பேரறிக்கை கூறியது. ஒரு தரப்பினர் முதல் வாசகத்தையும் மறு தரப்பினர் இரண்டாவதையும் பிடித்துக்கொண்டனர்.

அப்போதைய சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன், இவ்விவகாரத்தில் உறுதியாக நிற்காவிட்டால் நாகரிக உலகம் முழுவதும் தங்களைப் பழிக்கும் என்ற பொருள்பட எழுதி, திருவிதாங்கூர் அரசுக்கு அழுத்தம் கொடுத்தார். ஒரு சமஸ்தானத்தின் உள்விவகாரத்தில் தலையிட உலகின் மனசாட்சியைச் சான்றாக அழைத்த வாதம் அது. பேரரசு தன் வசதிக்கேற்பவே அத்தகைய வாதங்களைக் கையாண்டது என்பதும் மறக்கத்தக்கதல்ல.

1859 ஜூலை 26 அன்று மகாராஜா உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா புதிய அறிவிப்பை வெளியிட்டார். எந்த மதத்தைச் சேர்ந்த நாடார் பெண்ணும் மார்பை மறைக்கலாம். மீனவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தலாகாது என்பது நிபந்தனை. மறைக்கும் உரிமை கிடைத்தது. சமமாக உடுத்தும் உரிமை அப்போதும் எழுத்தில் இல்லை.

இப்போராட்டம் குறித்த மனுக்கள், மிஷனரிகளின் கடிதங்கள், ரெசிடென்டின் அறிக்கைகள், திவானின் உத்தரவுகள் ஆகியவற்றில் பெரும்பாலானவை ஆண்கள் எழுதியவை. அடிபட்ட பெண்களின் சொற்கள் அவற்றில் அரிது. தடை உத்தரவுக்குப் பின்னும் மேலாடையுடன் சந்தைக்குச் சென்றார்கள் என்ற செய்தியே அவர்களின் வாக்குமூலமாக எஞ்சியிருக்கிறது.

அன்றைய நெய்யாற்றின்கரை தாலுகாவில் அடுத்த தலைமுறையிலும் இதே கேள்வி எழுந்தது. வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யன்காளி, பஞ்சமி என்ற புலையர் சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளியில் சேர்க்க அழைத்துச் சென்றபோது பள்ளி எரிக்கப்பட்டது. அந்தப் பள்ளிக்கு 2022-இல் கேரள அரசு அய்யன்காளி, பஞ்சமி இருவரின் பெயரையும் சூட்டியது.

"அனைவரும்" என்ற சொல்லில் பெண் உண்டா?

1859 அறிவிப்புக்கு 89 ஆண்டுகளுக்குப் பிறகு, இதே திருவிதாங்கூரின் தலைநகரில் பிறந்த ஒரு பெண் ஐ.நா.வில் பேசினார். 1899-இல் திருவனந்தபுரத்தில் பிறந்த லட்சுமி மேனன், 1948-இல் பொதுச்சபையில் இந்தியப் பிரதிநிதியாக இருந்தார். உலக மனித உரிமைப் பிரகடனத்தின் முகப்புரையில் ஆண், பெண் சம உரிமை வெளிப்படையாக இடம்பெற வேண்டும் என அவர் வாதிட்டார். பெண்களும் காலனி ஆட்சிக்கு உட்பட்ட மக்களும் தனித்துக் குறிப்பிடப்படாவிட்டால், "அனைவரும்" என்ற சொல்லுக்குள் அவர்கள் அடங்கியவர்களாகக் கருதப்பட மாட்டார்கள் என்பது அவரது நிலைப்பாடு. பிரகடனத்தின் முதல் பிரிவில் "ஆண்கள்" என்று பொருள்படும் சொல்லுக்குப் பதிலாக "மனிதப் பிறவியினர்" என்ற தொடர் இடம்பெறக் காரணமாக இருந்தவர் மற்றொரு இந்தியரான ஹன்சா மேத்தா. 1948 டிசம்பர் 10 அன்று பாரிஸில் பிரகடனம் நிறைவேறியது.

வழக்கம் எதிர் உரிமை என்ற சிக்கலைச் சர்வதேசச் சட்டம் நேரடியாக எதிர்கொண்டது 1979-இல். பெண்களுக்கு எதிரான அனைத்து வகைப் பாகுபாடுகளையும் ஒழிப்பதற்கான உடன்படிக்கையின் 5-ஆம் பிரிவு, தாழ்வு, உயர்வு என்ற எண்ணத்தில் வேரூன்றிய வழக்கங்களை மாற்ற அரசுகள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. இந்த உடன்படிக்கையைச் சுட்டித்தான் 1997-இல் உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான நெறிமுறைகளை வகுத்தது. குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காகத் தாக்கப்பட்ட ராஜஸ்தான் கிராமப் பணியாளர் ஒருவருக்கு நேர்ந்த கொடுமையே அவ்வழக்குக்கு வித்திட்டது. 2013-இல் அது நாடாளுமன்றச் சட்டமாயிற்று.

இதற்கிடையே தோள்சீலைப் போராட்டத்தின் நினைவே சர்ச்சைக்குள்ளானது. சாதி மோதலையும் ஆடை மாற்றத்தையும் விளக்கும் 9-ஆம் வகுப்பு வரலாற்றுப் பகுதியை 2016 இறுதியில் சிபிஎஸ்இ பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. ஆடையின் சமூக வரலாறு குறித்த அத்தியாயத்தையே 2019-இல் என்சிஇஆர்டி பாடநூலிலிருந்து எடுத்துவிட்டது.

மேற்கண்ட உடன்படிக்கைக்கு இந்தியா 1993 ஜூலை 9 அன்று ஒப்புதல் அளித்தபோது ஓர் அறிவிக்கையையும் இணைத்தது. எந்தச் சமூகத்தின் தனிப்பட்ட விவகாரங்களிலும் அச்சமூகத்தின் முன்முயற்சியும் சம்மதமும் இன்றித் தலையிடுவதில்லை என்ற தனது கொள்கைக்கு இணங்கவே 5-ஆம் பிரிவின் முதல் உட்கூறு நடைமுறைப்படுத்தப்படும் என்பது அதன் சாரம். ஒரு சமூகத்தின் சம்மதத்தை யார் தெரிவிப்பது, அதில் பெண்களின் பங்கு என்ன என்பதை அந்த வாசகம் கூறவில்லை. அறிவிக்கையைத் திரும்பப் பெறுமாறு உடன்படிக்கையின் கண்காணிப்புக் குழு 2014-இலும் இந்தியாவைக் கேட்டுக்கொண்டது.